மீசையைத் தேடிய கதவு

கிட்ட வாங்க கண்ணுங்களா. இன்னும் கொஞ்சம் கிட்ட. கைபேசி வைத்திருக்கிறவர்கள் அதைக் கவிழ்த்து வையுங்கள். அதற்கும் காது உண்டு. இந்தக் கதையில் அதன் பங்காளிகள் சிலர் வருகிறார்கள், கேட்டால் கோபித்துக்கொள்ளும். வீட்டுக்காரரைப் பார்த்து "நீங்கள் யார்?" என்று கேட்ட ஒரு கதவின் கதையைச் சொல்லப்போகிறேன். நடுவில் யாரும் எழுந்து வெளியே போகாதீர்கள். போனால், கதை முடிகிறவரைக்கும் திரும்ப உள்ளே வரலாமா என்று எனக்கே சொல்லத் தெரியாது.

காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையம் பக்கம் ஒரு நெசவுத் தெரு. தெருவின் நடுவாந்தரத்தில் கலியாணசுந்தரத்தின் வீடு. அவர் பட்டு நெய்கிறவர். அவர் மனைவி ஏலவார்குழலி தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா, அதாவது இழை சுற்றிய ஓடக்கட்டை, போடுகிறவள். உடம்பு ஒரு நிறமும் கரை ஒரு நிறமுமாகக் கோத்து நெய்கிற புடவைக்கு ஓர் ஆள் பற்றாது. அதனால் அந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை வந்தால் புடவை நின்றுபோகும். புடவை நிற்கக் கூடாதே என்று அவர்கள் எத்தனையோ சண்டைகளைத் தள்ளிப் போட்டிருந்தார்கள். அப்படித் தள்ளிப் போட்டதில் பாதி மறந்தும் போயிருந்தது.

அவர்களுக்கு ஒரே மகள், அகிலா. தை மாதம் குமரகோட்டம் முருகன் கோயிலில் அவளுக்குக் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. பெண்ணுக்குக் கூறைப்புடவையை அப்பாவும் அம்மாவுமே நெய்தார்கள். அரக்குச் சிவப்பில் உடம்பு, மாம்பழ மஞ்சளில் கரை. அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணுக்கு நெய்கிற கூறை முடிந்தாலும் உடனே தறியிலிருந்து இறக்க மாட்டார்கள். அப்பன்காரன் திருத்தணிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வரவேண்டும். வந்து, சந்தனம் பூசிய தலையோடு தறிக்குக் கற்பூரம் காட்டி, அதற்குப் பிறகுதான் இறக்குவது. கலியாணசுந்தரத்தின் அக்காவுக்கும் அப்படித்தான் நடந்தது, அவர் அத்தைக்கும் அப்படித்தான்.

இது இப்படியிருக்க, ஐப்பசி மழையில் அந்தத் தெருவுக்கு ஒரு வாரியம் வந்து சேர்ந்தது.

'வீட்டுப் பொருள் இணைப்பு வாரியம்' என்று அதற்குப் பெயர். அப்படி ஒன்று இருப்பதே, அது வண்டியை விட்டு இறங்கி நின்ற பிறகுதான் தெருவுக்குத் தெரிந்தது. தெருவிலேயே ஒரு வீட்டை மாதிரி வீடாக ஆக்கப்போவதாகச் சொன்னார்கள். எல்லா வீட்டிலும் கேட்டார்கள். எல்லாரும் வேண்டாம் என்றார்கள். கலியாணசுந்தரத்துக்கு மட்டும் யார் முகத்தைப் பார்த்தும் வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. மாதிரி வீடு அப்படித்தான் தேர்வாயிற்று.

திட்ட அலுவலர் சீனிவாசன் கூடத்தின் நடுவில் நின்று சுற்றுமுற்றும் பார்த்தார். துக்கம் விசாரிக்க வந்தவரைப் போலத் தலையை ஆட்டினார்.

"அம்மா, இதுவரைக்கும் இந்த வீட்டுல விளக்கு இருந்தது. விசிறி இருந்தது. கதவு இருந்தது. ஆனா அதுங்களுக்குள்ள பேச்சுவார்த்தையே இல்ல. ஒண்ணு இருக்கறது இன்னொண்ணுக்குத் தெரியாது. ஒரே கூரைக்குக் கீழ இப்பிடி எத்தனை வருஷம் இருந்திருக்கீங்க?"

தன் வீட்டு வழக்கு தெருவுக்கு வந்துவிட்டாற்போல் ஏலவார்குழலிக்கு வெட்கமாகிவிட்டது.

கூட வந்த தேவிப்ரியா என்கிற இன்ஜினியர் பெண்தான் விவரம் சொன்னாள். நல்ல பெண். பேசும்போதே கை நான்கு வேலை செய்யும்.

"ரொம்ப சிம்பிள் ஆன்ட்டி. இந்த பல்புக்குள்ள ஒரு சின்ன சிப் இருக்குது. நீங்க 'விளக்கு'ன்னு சொன்னா அதோ அந்த டப்பா கேக்கும். கேட்டதை நெட் வழியா சர்வருக்கு அனுப்பும். சர்வர் புரிஞ்சிக்கினு பல்புக்கு 'எரி'ன்னு சொல்லும். பல்பு எரியும்."

"அந்த சர்வர் எங்கம்மா இருக்கறாரு?"

"அது ஆள் இல்ல ஆன்ட்டி, மெஷின். எங்கியோ வெளிநாட்டுல இருக்குது."

"நான் சுவிட்சு வரைக்கும் நாலு எட்டு நடக்கறதுக்குப் பதிலா, என் பேச்சு கடல் தாண்டிப் போயிட்டு வருதா?"

"ஒரே செகண்ட்தான்."

"அய்ய, அவ்ளோ தூரம் போயிட்டு வர்ற பேச்சுக்கு மூச்சு வாங்காதா?" என்றாள் ஏலவார்குழலி. தேவிப்ரியா சிரித்தாள். சீனிவாசன் சிரிக்காமல் அடுத்த பெட்டியைப் பிரிக்கச் சொன்னார்.

விளக்கு, விசிறி, தண்ணீர் மோட்டார், ஜன்னல் எல்லாவற்றிலும் பொட்டு மாதிரி ஒவ்வொரு கருவி ஒட்டினார்கள். கடைசியாகக் கதவு. பழைய பூட்டையும் சாவியையும் கழற்றிக் கோணியில் போட்டுக்கொண்டார்கள். புதுப் பூட்டில் சாவித் துளையே இல்லை. ஒரு கண்ணாடிக் கண் மட்டும் இருந்தது. முகத்தைப் பார்த்தால் திறக்கும்.

"குடும்பத் தலைவர் யாரு?" என்றார் சீனிவாசன்.

கலியாணசுந்தரம் மனைவியைப் பார்த்தார்.

"யோசிக்கக் கூடாது சார். தலைவர்னா நீங்கதான். நில்லுங்க."

நேராகப் பார்க்கச் சொன்னார்கள், இடம் பார்க்கச் சொன்னார்கள், வலம் பார்க்கச் சொன்னார்கள். கலியாணசுந்தரத்தின் மீசை தெருவுக்கே தெரிந்த மீசை, இரண்டு பக்கமும் கன்னத்தில் ஏறி உட்கார்ந்திருக்கும். கதவு அதை நன்றாகப் பார்த்துக்கொண்டது.

"எம் மூஞ்சி?" என்றாள் ஏலவார்குழலி.

"மற்ற உறுப்பினர்கள் இரண்டாம் கட்டத்துலம்மா."

"அது எப்போ?"

"முதல் கட்டம் வெற்றின்னு அறிவிச்ச பிறகு."

"அதுவரைக்கும் நான் எப்பிடி உள்ள வர்றது?"

"அதுக்குத்தான் விருந்தினர் வசதி குடுத்திருக்கோம்" என்றார் சீனிவாசன், தன் கையால் சோறு போட்டவர் மாதிரி.

அன்றிலிருந்து அந்த வீட்டில் யாருக்கும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஏலவார்குழலி பால் வாங்கப் போய் வந்தால் கதவு பேசும்: "வணக்கம் விருந்தினரே. வீட்டுத் தலைவர் வரும்வரை காத்திருங்கள்." தலைவர் தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்திருப்பார். நாடாவை வைத்துவிட்டு, குழியிலிருந்து ஏறி, கூடம் தாண்டி வந்து, கதவுக்கு முகத்தைக் காட்டி, மனைவியை உள்ளே அழைத்து வருவார். திரும்பக் குழியில் இறங்குவதற்குள் அவளுக்குக் கறிவேப்பிலை ஞாபகம் வரும்.

எதிர்வீட்டு அங்கம்மாளுக்கு இதைவிட நல்ல பொழுது கிடைக்குமா?

"இன்னா குழலி, இன்னிக்கும் விருந்தாளியா வந்துட்டியா? எத்தினி நாள் தங்கற மாதிரி?"

"போக்கா."

"பழம் கிழம் வாங்கினு வந்தியா, இல்ல வெறும் கையோடயா? வெறும் கையோட வந்தா எந்தக் கதவுதான் திறக்கும்?"

உள்ளேயும் அப்படித்தான். இழை அறுந்தால் நெய்கிறவர் அசையாமல் குனிந்து, மூச்சைக் கூட மெல்ல விட்டு, அறுந்த முனையைத் தேடுவார். அசைவு இல்லை என்றால் அறையில் ஆள் இல்லை என்று விளக்குக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சரியாக முனை கண்ணில் படும்போது விளக்கு அணைந்துவிடும். ஏலவார்குழலி பக்கத்தில் நின்று இரண்டு கையையும் தூக்கி ஆட்டுவாள். பட்டு இழை தேடுகிற வீட்டில் ஒருத்தர் சிலையாகவும் ஒருத்தர் கூத்தாடியாகவும் இருக்கவேண்டியதாயிற்று. மோட்டார் தானாக ஓடிவிட்டு, ஓடிவிட்டேன் என்று கைபேசிக்குச் சேதி அனுப்பும். விசிறி, தன்னை யாரும் கேட்கவில்லையே என்று ஒரு சேதி. டங்கு டங்கென்று கைபேசி அடித்துக்கொண்டே இருக்கும். தறிச் சத்தத்தில் வளர்ந்த மனுஷர் கலியாணசுந்தரம். இந்தச் சத்தத்தில் அவருக்குத் தூக்கத்திலும் கால் ஆடியது.

எப்படியோ கூறை முடிந்தது. தறியிலேயே அதை ஒரு வெள்ளைத் துணி போட்டு மூடினார்கள். கல்யாணத்துக்கு முதல் நாள் விடியலில் கலியாணசுந்தரமும் ஏலவார்குழலியும் திருத்தணிக்குப் பேருந்து ஏறினார்கள். அகிலா, மருதாணிக் கையோடு, பக்கத்துத் தெருவில் பெரியம்மா வீட்டில் இருந்தாள். சீர், பாத்திரம், மாலை எல்லாம் மண்டபத்துக்குப் போய்விட்டது. வீட்டில் மிச்சம் அந்தக் கூறை ஒன்றுதான்.

முருகனுக்கு முடி கொடுப்பதென்றால் கலியாணசுந்தரத்துக்குக் கணக்குப் பார்க்கத் தெரியாது. தலையைக் கொடுத்தார், தாடியைக் கொடுத்தார், மீசையையும் கொடுத்தார். சந்தனத்தைக் குழைத்து மேலே பூசிக்கொண்டார். ஏலவார்குழலிக்கே ஒரு நிமிடம் வேறு யாரோ தன் பையைத் தூக்கிக்கொண்டு நடப்பதுபோல் இருந்தது.

ஊருக்கு வந்து இறங்கியபோது உச்சிக்குக் கொஞ்சம் முன்னால். வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. கல்யாணப் பந்தல் என்று நினைக்காதீர்கள். வாரியத்தின் பந்தல். முதல் கட்டம் வெற்றி என்று அறிவிக்க வாரியத் தலைவர் அன்று சாயங்காலம் வருகிறாராம். கதவின் குறுக்கே ரிப்பன்கூடக் கட்டத் தயாராக இருந்தது.

கலியாணசுந்தரம் கதவின் முன்னால் நின்று முகத்தைக் காட்டினார்.

கதவு பார்த்தது. யோசித்தது. அந்தப் பார்வை கடல் தாண்டிப் போய்விட்டு வந்தது.

"அறிமுகமில்லாத நபர். தயவுசெய்து விலகி நில்லுங்கள்."

"நான்தாம்பா" என்றார் கலியாணசுந்தரம்.

"விலகி நில்லுங்கள்."

அவர் சட்டைப்பையில் கைபேசி அடித்தது. எடுத்துப் பார்த்தார். அதில் அவருடைய மொட்டைத் தலைப் படம், கீழே எழுத்து: 'உங்கள் வீட்டு வாசலில் சந்தேகத்துக்குரிய ஒருவர் நிற்கிறார். இவரை உங்களுக்குத் தெரியுமா? ஆம், இல்லை.'

"அமுத்துங்க, ஆம்னு அமுத்துங்க" என்றாள் ஏலவார்குழலி.

அமுத்தினார். 'நன்றி. உறுதிசெய்ய, வீட்டுக்குள்ளிருந்து மீண்டும் ஒருமுறை அழுத்தவும்.'

அங்கம்மாள் தன் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னாபா கலியாணம், உனக்கும் விருந்தாளிப் பதவி குடுத்துட்டாங்களா?"

"விருந்தாளின்னு கூடச் சொல்லலக்கா" என்றார் அவர்.

தேவிப்ரியாவைக் கூப்பிட்டார்கள். அவள் கணினிப் பலகையோடு ஓடி வந்தாள். கதவுக்கு முன்னால் அவரைத் திருப்பித் திருப்பி நிறுத்தினாள். சந்தனத்தைத் துடைக்கச் சொன்னாள். துடைத்தும் கதவு அசையவில்லை.

"மீசைதான் ஆன்ட்டி பிராப்ளம். அந்த மீசையை வெச்சுத்தான் அது அங்கிளைப் புடிச்சு வெச்சிருக்குது."

"நீ ஆபீஸ்லேர்ந்து திறக்க முடியாதா கண்ணு?"

"சென்டர்லேர்ந்து திறக்கலாம். ஆனா ஓனர் ஓகே சொல்லணும்."

"ஓனர் இதோ நிக்கறாரே."

"ஓனர் ஓகே சொல்லறதுக்கு ஓனர் மூஞ்சி வேணும் ஆன்ட்டி. அந்த மூஞ்சிதான் இப்போ இல்ல." அவளுக்கே சொல்ல வருத்தமாக இருந்தது.

அங்கம்மாள் கண்மை டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தாள். கலியாணசுந்தரத்தின் முகத்தைப் பிடித்து, கன்னம் வரைக்கும் மீசை வரைந்தாள். கொஞ்சம் கோணல்தான். கதவு பார்த்தது. "அறிமுகமில்லாத நபர், மாறுவேடத்தில்" என்று சொல்லி ஊளையிட ஆரம்பித்தது. கைபேசியும் அடித்தது. இந்த முறை படத்தைச் சுற்றிச் சிவப்புக் கட்டம்.

எதிர்வரிசைக் கொத்தனார் வேல்முருகன் பக்கத்து ஊர் ஐயம்பேட்டைக்கு வண்டியை விரட்டினார். அங்கே கூத்து ஆடுகிற ஒருத்தர் அவருக்குச் சிநேகிதர். முடியும் மீசையும் வாங்கிக்கொண்டு வந்தார். அசுர வேஷத்துக்கு வைக்கிற மீசை, வைத்தவுடன் கலியாணசுந்தரத்துக்குத் தும்மல் வந்தது. கதவு அவரை வெகுநேரம் பார்த்தது. பிறகு, "ஒருவருக்கு மேற்பட்டோர் நிற்கிறீர்கள். ஒருவர் மட்டும் நில்லுங்கள்" என்றது.

அதற்குள் அகிலாவும் வந்துவிட்டாள். மருதாணி அழியாமல் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். அப்பாவைப் பார்த்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை அவளுக்கு.

"அம்மா, விட்ரும்மா. பெரியம்மா வீட்டுல பட்டுப் புடவை இருக்குது. அதைக் கட்டிக்கறேன்."

ஏலவார்குழலி மகளைப் பார்த்தாள். அந்தக் கரைக்கு ஒவ்வொரு நாடாவும் அவள் கையால் போட்டது. ஒவ்வொரு நாடாவுக்கும் மகள் இந்த வீட்டில் இருக்கிற நாள் குறைந்துகொண்டே வந்தது அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் போட்டாள்.

"நாளைக்குக் காலைல நீ கட்டப்போறது உள்ள இருக்கறதுதான்" என்றாள். "போயி கையைக் காய வை."

பின்கதவை, மாதிரி வீட்டுக்கு ஒரே வாசல்தான் என்று வாரியம் சொன்ன அன்றே, அவளே உள்ளே மரக்கட்டை போட்டு அடைத்திருந்தாள். முற்றத்துக்கு மேலே, குரங்குத் தொல்லைக்காக இரும்புக் கம்பி அடித்திருந்தது. மின்சாரத்தை நிறுத்தலாம் என்றார் வேல்முருகன். பூட்டுக்குள் பேட்டரி இருப்பதாகத் தேவிப்ரியா சொன்னாள். பூட்டை உடைக்கலாம் என்று சுத்தியலைத் தூக்கும்போதுதான் சீனிவாசன் பந்தலிலிருந்து ஓடிவந்தார்.

"நிறுத்துங்க! அது வாரியச் சொத்து. ஒரு கீறல் பட்டாலும் கேஸ் ஆகும். சாயங்காலம் தலைவர் வர்றாரு."

ஏலவார்குழலி நடந்ததை முதலிலிருந்து சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, கதவைப் பெருமையாகப் பார்த்தார்.

"அம்மா, நீங்க ஒண்ணு புரிஞ்சிக்கணும். இதுல கதவு மேல எந்தத் தப்பும் இல்ல. அது தன் கடமையைச் செஞ்சிருக்குது. முகம்தான் கடமை தவறியிருக்குது."

"சாமிக்கு வேண்டுதல் சார்."

"வேண்டுதலைப் பத்தி வாரியத்துக்கு ஆட்சேபணை இல்ல. முன்கூட்டியே சொல்லியிருந்தா, தலை முடி ஒரு கட்டமா, மீசை ஒரு கட்டமான்னு படிப்படியா எடுக்க ஏற்பாடு செஞ்சிருப்போம். கதவும் கொஞ்சம் கொஞ்சமாப் பழகியிருக்கும்."

"இப்போ இன்னா பண்றது?"

"முடி வளரும்மா. இயற்கை அதைத் தடுக்காது."

"நாளைக்குக் கல்யாணம் சார்!"

"அதான் சொல்றேன், நல்ல காரியம் நடக்கற வீடு, பதட்டப்படாதீங்க." பிறகு கலியாணசுந்தரத்தின் பக்கம் திரும்பினார். "சார், நீங்க கொஞ்சம் ஓரமா நில்லுங்க. வாரியத்தைப் பொறுத்தவரைக்கும் வீட்டுத் தலைவர் இன்னும் திருத்தணிலேர்ந்து வந்து சேரல. அவர் வந்ததும் பேசிக்கலாம்."

கலியாணசுந்தரம் ஓரமாகப் போய் நின்றார். சொல்கிறேன் கேளுங்கள், அவர் உண்மையாகவே பேருந்து நிலையம் போகிற பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

அதைப் பார்த்ததும் ஏலவார்குழலிக்கு உள்ளே ஏதோ நின்றுபோயிற்று. இத்தனை மாதமாகச் சும்மா இல்லாமல் கை ஆட்டி, ஓடி, கூப்பிட்டு, காத்து நின்று அலைந்த உடம்பு, அசையாமல் நின்றது. விளக்கு இருந்திருந்தால் அணைந்திருக்கும்.

"சார்" என்றாள். "கதவு உங்களுது."

"வாரியத்தோடது."

"ஜன்னல்?"

"ஜன்னல்ல எங்க கருவி ஒட்டியிருக்குது. அதனால ஜன்னலும் வாரியக் கணக்கு."

"சுவரு?"

சீனிவாசன் தேவிப்ரியாவைப் பார்த்தார். தேவிப்ரியா கணினிப் பலகையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள்.

"சுவர் இன்னும் நம்ம திட்டத்துல சேரல சார்."

"அப்போ சுவர் உங்களுதுதாம்மா" என்றார் சீனிவாசன் தாராளமாக. "சுவரைப் பொறுத்தவரைக்கும் வாரியம் எதுலயும் தலையிடாது. அது உங்க சொந்த விஷயம்."

"இதை நாலு பேர் எதிர்ல சொல்றீங்களா?"

"எங்க வேணும்னாலும் சொல்லுவேன். நாங்க வெளிப்படையா நடக்கற அமைப்பு." உரக்கச் சொன்னார். தெருவே கேட்டது.

ஏலவார்குழலி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "வேலு, உன் கடப்பாரையை எடுத்துனு வா."

வேல்முருகன் கொண்டுவந்து, கதவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். "இங்க போடலாம்கா. உத்தரத்துக்கு ஒண்ணும் ஆகாது. குடு, நான் போடறேன்."

"மொதல்ல நான்."

ஓங்கிப் போட்டாள். பழைய சுண்ணாம்புச் சுவர், காரை பெயர்ந்து தெருவெல்லாம் வெள்ளைப் புகை. கதவு பதறிப்போனது: "வணக்கம் விருந்தினரே. வீட்டுத் தலைவர் வரும்வரை காத்திருங்கள்." இரண்டாவது குத்து. "காத்திருங்கள்." மூன்றாவது. பிறகு வேல்முருகன் வாங்கிக்கொண்டார். கலியாணசுந்தரம் வேஷத்து முடியையும் மீசையையும் கழற்றிப் பையில் போட்டுவிட்டுச் செங்கல்லை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். அங்கம்மாள் கூடையில் மண்ணை வாரிக் கொட்டினாள். "நல்லா குத்துபா! விருந்தாளிக்கு வழி விடாத வீடு இன்னா வீடு!" என்று கத்திக்கொண்டே இருந்தாள். சீனிவாசன் நடுநடுவே வந்து, "கதவு மேல தூசி படாம பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு, தானே ஒரு பிளாஸ்டிக் விரிப்பை எடுத்துக் கதவுக்குப் போர்த்தினார்.

ஓர் ஆள் குனிந்து நுழைகிற அளவு வழி விழுந்தபோது, தெருமுனையில் வாரியத் தலைவரின் வண்டி திரும்பியது.

ஏலவார்குழலி உள்ளே போனாள். பின்னாலேயே புருஷன். கூடத்திலிருந்த டப்பா, "வெளியார் நுழைந்துள்ளனர். பயப்படாதீர்கள், உதவி வந்துகொண்டிருக்கிறது" என்றது.

"உதவி வாசல்லதான் நின்னுனு இருக்குது. நீ சும்மா கெட" என்றாள் ஏலவார்குழலி.

தறிக்கு மேலே போட்டிருந்த வெள்ளைத் துணியில் சுண்ணாம்புத் தூள் படிந்திருந்தது. மெதுவாக உருவினாள். கூறைக்கு ஒன்றும் ஆகவில்லை. கலியாணசுந்தரம் தலையில் திரும்பவும் சந்தனம் பூசிக்கொண்டு கற்பூரம் ஏற்றினார். வெளியே பந்தலில் ஒலிபெருக்கியைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

வாரியத் தலைவர் பேச எழுந்தபோது, அவருக்கு முன்னால் ஒரு மூடிய கதவும், அதற்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஓட்டையும் இருந்தன. ஓட்டையைப் பார்த்து, "இது என்ன?" என்றார்.

"பயனாளி தன் சொந்த விருப்பத்துல செஞ்ச கூடுதல் வசதி சார்" என்றார் சீனிவாசன்.

"கதவு?"

"ஒரு கீறல் இல்ல சார்."

தலைவருக்கு நிம்மதியாயிற்று. ஒலிபெருக்கியைக் கிட்ட இழுத்துக்கொண்டார்.

"பெரியோர்களே, தாய்மார்களே! இங்க வந்ததும் ஒரு சேதி சொன்னாங்க. இந்தக் கதவு இந்த வீட்டுக்காரரையே இன்னிக்கு உள்ள விடலையாம். அவர் மொட்டை போட்டும் விடல. மை பூசியும் விடல. வேஷம் கட்டியும் விடல. நான் கேக்கறேன், சொந்த வீட்டுக்காரரையே விடாத கதவு, திருடனை விடுமா?"

வாரியத்து ஆட்கள் கைதட்டினார்கள்.

"இந்தக் கதவு வெச்ச நாள்லேர்ந்து இந்த வீட்டுல ஒரு திருட்டு உண்டா?"

"அதுக்கு முன்னாலயும் இல்லீங்களே" என்றாள் அங்கம்மாள் தன் வாசலிலிருந்தே.

"அது தற்செயல்மா. இது தொழில்நுட்பம்." மறுபடி கைதட்டல். "ஒரு வீட்டுக்கு ஆபத்து எங்கேர்ந்து வருது? மனுஷங்க உள்ளே போறதும் வெளியே வர்றதும்தான் ஆபத்து. அந்த ரெண்டையும் வெற்றிகரமா நிறுத்திக் காட்டியிருக்கற முதல் வீடு இது. முதல் கட்டம் மகத்தான வெற்றின்னு அறிவிக்கறேன்!"

ரிப்பனை வெட்டினார். சம்பிரதாயத்துக்குக் கதவு திறக்க வேண்டும். திறக்கவில்லை. அதற்கும் கைதட்டினார்கள்.

அந்தக் கைதட்டலுக்கு நடுவில்தான், சுவரின் ஓட்டை வழியாக ஏலவார்குழலி குனிந்து வெளியே வந்தாள். தலையெல்லாம் சுண்ணாம்பு. இரண்டு கையிலும் தாம்பாளம், தாம்பாளத்தில் மடித்த அரக்குச் சிவப்பு, அதன்மேல் மஞ்சள் கிழங்கு. பின்னால் மொட்டைத் தலையோடு கலியாணசுந்தரம். பந்தலில் இருந்த கூட்டம் தானாகவே எழுந்து வழி விட்டது. வாரியத் தலைவரும் விலகி நின்றார், எதற்கு விலகினோம் என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டுக்கொண்டே. யாருடைய முகத்தையும் பார்க்காமல் அவள் நேராகத் தெருவில் நடந்தாள், மகள் இருக்கிற வீட்டைப் பார்த்து. தேவிப்ரியா ஓடிப்போய் முன்னால் கிடந்த ஒயர்களைக் காலால் ஒதுக்கிவிட்டாள்.

மறுநாள் குமரகோட்டத்தில் அகிலா அந்தக் கூறையைக் கட்டிக்கொண்டுதான் தாலி வாங்கிக்கொண்டாள். மாம்பழ மஞ்சள் கரை மணவறை வெளிச்சத்தில் எப்படி இருந்தது என்று நான் சொல்லமாட்டேன். பார்த்தவர்கள் காஞ்சிபுரத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் வீட்டுக்கு வந்தபோது, சுவரின் ஓட்டைக்கு முன்னால்தான் கோலம் போட்டிருந்தது. அங்கேதான் ஆரத்தி எடுத்தார்கள். மாப்பிள்ளை உயரம், குனிந்து வலது காலை வைத்தார். கதவு பக்கத்திலிருந்து, "அறிமுகமில்லாத நபர்" என்றது. "ஆமா, புதுசா வந்திருக்கறாரு. மெதுவாப் பழகிக்கோ" என்றாள் அகிலா.

இரண்டாம் கட்டம் பற்றி வாரியம் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. முதல் கட்டத்தையே எல்லா வீட்டுக்கும் கொண்டுபோகப் போவதாகக் கேள்வி. கதவு இன்றைக்கும் அப்படியே நிற்கிறது, மூடியபடி, ஒரு கீறல் இல்லாமல். கலியாணசுந்தரத்துக்கு மீசை திரும்ப வளர்ந்த பிறகும் யாரும் அதற்கு முகம் காட்டப் போகவில்லை. தெரு ஆட்கள் எல்லாரும் தங்கள் வீட்டுச் சுவரை ஒருமுறை தட்டிப் பார்த்துவைத்திருக்கிறார்கள்.

கல்யாணக் கூட்டம் கலைந்த சாயங்காலம், ஏலவார்குழலி தனியாக இருந்தாள். மகள் போய்விட்டாள். தறி காலியாக இருந்தது. ஒரு சொம்பை எடுத்துக்கொண்டு ஓட்டை வழியாக வெளியே வந்தாள். வாசலில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தாள். உள்ளே போனாள். யாரையும் கூப்பிடவில்லை, யாருக்காகவும் நிற்கவில்லை. திரும்பவும் வெளியே வந்தாள். வேலை ஒன்றும் இல்லை. மறுபடி உள்ளே போனாள்.

"இன்னா குழலி, எதையாச்சும் தேடறியா?" என்றாள் அங்கம்மாள்.

"ஒண்ணுமில்லக்கா. சும்மா வந்து போயினு இருக்கறேன்."

கதை இவ்வளவுதான் கண்ணுங்களா. பத்திரமாக எழுந்து போங்கள். உங்கள் வீட்டு வாசல் உங்களைப் பார்த்ததும் விரியட்டும். தலையில் முடி இருந்தாலும் இல்லாவிட்டாலும், போய் எத்தனை நாள் கழித்து வந்தாலும், "வந்துட்டியா, வா" என்று சொல்ல உள்ளே ஒரு குரல் இருக்கட்டும். உங்கள் பெண்களுக்கு ஆசைப்பட்ட நிறத்தில் கூறை அமையட்டும். உலை கொதிக்கட்டும், விளக்கு உங்கள் கைக்கு எட்டுகிற இடத்தில் எரியட்டும். உங்கள் குடும்பம் நன்றாக இருக்கட்டும்.